பிணை மறுத்த வழக்கறிஞர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருவோர் சக்கரக்குளத்தின் பக்கம் உள்ள ஒரு பெரும்பாறையைக் காணாமல் திரும்புவதில்லை. அந்தப் பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த ஒரு குழி உண்டு. கைதிக் கிணறு என்பது அதன் பெயர். மரண தண்டனை பெற்றவனை அதற்குள் தள்ளிவிடுவார்கள் என்றும், அவன் சோறும் நீரும் இன்றி மடிவான் என்றும் எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சிறுவனாக இருந்தபோது என் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையின் எதிரே நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளியிலிருந்து யாராவது வந்து அவனுக்காகப் பொறுப்பேற்றுக் கொண்டால் விட்டுவிட மாட்டார்களா என்று கேட்டேன். தந்தையார் விடை கூறாமல் நடந்துவிட்டார்.

பிள்ளைப் பருவத்தில் நான் கேட்ட அந்தக் கேள்விக்குச் சட்டம் இட்ட பெயர்தான் ஜாமீன், அதாவது பிணை. அதன் பொருளைச் சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

என் ஊர் தொண்டூர். சமண முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உடைய பாறைகள் நிறைந்த ஊர். அங்கே என் பெரியப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு மூண்டது. கைகலப்பாயிற்று. அடித்தார், ஆபாசமாகத் திட்டினார், மிரட்டினார் என்று வழக்கமான மூன்று பிரிவுகளில் வழக்குப் பதிவாகிப் பெரியப்பா கிளைச் சிறைக்குச் சென்றார். நான்காம் நாளே ஜாமீன் உத்தரவு கிடைத்துவிட்டது. ஆயினும் அவர் வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்திட வேண்டும். பெரியம்மாவின் தம்பி ஒருவர் முன்வந்தார். இரண்டாமவர் என் தந்தையாராக இருந்திருக்க வேண்டும். பாகப் பிரிவினையில் ஏற்பட்ட மனக்கசப்பால் அண்ணனும் தம்பியும் பேசி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும் என்று அம்மாவும் அஞ்சினார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்த நாட்களில்தான், செப்டம்பர் 5ஆம் நாள் வரும் வ.உ.சிதம்பரனார் பிறந்தநாள் பேச்சுப் போட்டிக்காக நான் நூலகத்தில் அவருடைய வரலாற்றைப் படித்துக் கொண்டிருந்தேன். கப்பலோட்டிய தமிழர், செக்கிழுத்த செம்மல் என்ற இரண்டு பட்டங்களைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். அந்த இரண்டு பட்டங்களுக்கும் அப்பால், கீழ்க்கோர்ட்டு வாசலில் ஏழைகளோடு நின்ற ஒரு வக்கீல் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த வக்கீலின் கதையை.

ஓட்டப்பிடாரத்து வக்கீல்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளையும் வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். இளமையில் சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று தேர்ச்சி பெற்று, 1895ஆம் ஆண்டு சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். தந்தையார் உரிமையியல் வழக்குகளில் பெயர் பெற்றிருக்க, மகன் பெரிதும் குற்றவியல் வழக்குகளை எடுத்துக் கொண்டார்.

அந்நாளைய கீழ்க்கோர்ட்டு எப்படி இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சப் மாஜிஸ்திரேட் என்பவர் பெரும்பாலும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். வரி தண்டும் துறையின் கையிலேயே சிறை வைக்கும் அதிகாரமும் இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஏழைக்கு இடமில்லாமல் போகவில்லை. ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் ஜாமீன் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்று 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 496ஆம் பிரிவு கூறியது. ஜாமீன் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று 498ஆம் பிரிவு கூறியது. ஆனால் புத்தகத்தில் இருந்த உரிமை, அதைப் படித்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் உழவனின் வீட்டுக்கு வந்து சேராது.

படித்துச் சொல்ல ஓட்டப்பிடாரத்தில் ஒருவர் இருந்தார். ஏழைகளிடம் கட்டணம் வாங்காமலே சிதம்பரனார் வாதாடினார். போலீசார் ஜோடித்த வழக்குகளைக் குறுக்கு விசாரணையில் உடைத்தார். கைக்கூலி வாங்கிய அதிகாரிகளின் குற்றத்தையும் வெளிப்படுத்தத் தயங்கவில்லை. அதனால் கட்சிக்காரர்களின் அன்பும் காவல்துறையின் பகையும் ஒருசேர வளர்ந்தன. மகனுக்கு ஏதேனும் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தையார் 1900ஆம் ஆண்டு அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். இடந்தான் மாறியது. தொழிலின் போக்கு மாறவில்லை.

கப்பலும் ஆலையும்

தூத்துக்குடிக்கு வந்த பிறகு நடந்தவற்றை நாடு அறியும். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907ஆம் ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துச் சுதேசிக் கம்பெனியை நசுக்கப் பார்த்தது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்காக நகரத்தாரிடம் நிதி திரட்டினார்கள். சில நாட்களிலேயே ஆலை நிருவாகம் இறங்கி வந்தது. அதை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை.

இரண்டு ஜாமீன்கள்

ஜாமீன் என்ற ஒரே சொல்லுக்குச் சட்டத்தில் இரண்டு முகங்கள் உண்டு. இதை அறிந்தால்தான் சிதம்பரனாரின் வாழ்க்கையில் 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் விளங்கும்.

முதல் ஜாமீன், சிறையிலிருந்து வெளியே வருவதற்கானது. விசாரணைக்கு அழைக்கும்போது இவர் வந்து நிற்பார், வராவிட்டால் நான் பொறுப்பு என்று மற்றொருவர் தரும் உறுதி. இரண்டாவது ஜாமீன் நன்னடத்தைக்கானது. எந்தக் குற்றத்துக்காகவும் தண்டிக்கப்படாத ஒருவரை அழைத்து, இனிமேல் இப்படிப் பேசமாட்டேன், கூட்டம் கூட்டமாட்டேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது. அரசுக்கு எதிராகப் பேசுவோரிடமும் எழுதுவோரிடமும் இத்தகைய பத்திரம் கேட்பதற்கென்றே 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு இருந்தது. முதலாவது மனிதனை வெளியே விடுவது. இரண்டாவது அவன் வெளியே இருக்கும்போதே வாயைப் பூட்டுவது.

விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான மார்ச் 9ஆம் நாளைக் கொண்டாடத் தடை விதித்தார்கள். தடையை மீறிக் கொண்டாட்டம் நடந்தது. கலெக்டர் விஞ்சு சிதம்பரனாரைத் திருநெல்வேலிக்கு வரவழைத்தார். அரசியலிலிருந்து விலகவேண்டும், ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனைகளை விதித்தார். சிதம்பரனார் இணங்க மறுத்தார். மார்ச் 12ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டார்கள். நன்னடத்தை ஜாமீன் கேட்டு அவர்கள்மீது நடவடிக்கை தொடங்கியது. அதைத் தொடர்ந்து இராஜத் துரோக வழக்கும் வந்தது. மறுநாள் திருநெல்வேலி நகரமே கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

இங்கேதான் என் நெஞ்சைத் தொட்ட செய்தி வருகிறது. சிதம்பரனார் மூவரில் வசதியும் செல்வாக்கும் உடையவர். ஊரில் அவருக்காகப் பொறுப்பேற்க ஆட்கள் பலர் இருந்தனர். நண்பர்கள் அவரை ஜாமீனில் வெளியே எடுக்க முயன்றார்கள். சிவாவையும் பத்மநாபரையும் சிறைக்குள் தனியே விட்டுவிட்டுத் தாம் மட்டும் வெளியே வர அவர் ஒப்பவில்லை. உள்ளேயே இருந்துவிட்டார்.

அவர் யார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஜாமீன் என்பதன் மதிப்பை அறியாமல் வீம்புக்காக மறுத்தவர் அல்லர். பதின்மூன்று ஆண்டுகள் குற்றவியல் கோர்ட்டில் நின்றவர். கட்சிக்காரன் வெளியே இருந்தால்தான் வக்கீலைச் சந்திக்கவும் சாட்சிகளைத் தேடவும் முடியும் என்பதும், உள்ளே இருப்பவனின் வழக்கு பாதி தோற்ற வழக்கு என்பதும் அவருக்குத் தெரியும். வாயைப் பூட்டும் ஜாமீனைக் கொள்கைக்காக மறுத்தார். வெளியே விடும் ஜாமீனைத் தோழமைக்காக மறுத்தார். முதல் மறுப்புக்கு வீரம் போதும். இரண்டாவது மறுப்புக்கு அன்பும் வேண்டும்.

செக்கும் மனுக்களும்

1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு என நாற்பது ஆண்டு தீவாந்தர தண்டனை. சிவாவுக்குப் பத்து ஆண்டு. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் சிதம்பரனாரின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் பிறகு தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தது.

கோயம்புத்தூர்ச் சிறையிலும், 1910ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைக்கப்பட்டார். கல் உடைத்தார். சணல் இயந்திரத்தைச் சுற்றினார். மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் இழுத்தார். அங்கும் அவருள் இருந்த வக்கீல் உறங்கவில்லை. சட்ட நுணுக்கங்களை எடுத்துக்காட்டி மனுமேல் மனுவாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் விடுதலையானார். மாலைகளோடு வரவேற்ற பெருங்கூட்டம் இல்லை. சிறை வாயிலில் காத்திருந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் சிறையில் தொழுநோய்க்கு ஆளாகியிருந்த சுப்பிரமணிய சிவாவும் ஒருவர் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். எந்த நண்பரை உள்ளே விட்டு வெளியேற மறுத்தாரோ, அந்த நண்பர் உருக்குலைந்த உடலோடு வந்து வாயிலில் நின்ற காட்சியை எண்ணும்போது, நட்பும் ஒரு ஜாமீன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் கோர்ட்டு வாசலில்

அவர் வெளியே வந்தபோது கப்பல்கள் இல்லை. கம்பெனி இல்லை. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் குடியேறினார். மளிகையும் எண்ணெயும் விற்றுப் பார்த்தார். வாணிகம் கைகொடுக்கவில்லை. வறுமையிலும் தமிழை விடவில்லை. 1914இல் மெய்யறம், 1915இல் மெய்யறிவு என்று நூல்கள் எழுதினார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. திருநெல்வேலியில் அதிகாரியாக இருந்த காலத்திலேயே சிதம்பரனாரை அறிந்தவர் அவர். அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் சிதம்பரனார். ஆங்கிலேய ஆட்சியைத்தான் அவர் எதிர்த்தார். மனிதரிடம் உள்ள நன்மையை யாரிடம் கண்டாலும் ஏற்றுக்கொண்டார்.

1920களில் கோவில்பட்டியில் மீண்டும் தொழிலைத் தொடங்கினார். ஐம்பதைக் கடந்த வயதில், தாம் இளமையில் எங்கே தொடங்கினாரோ அதே போன்ற கீழ்க்கோர்ட்டு வாசலுக்குத் திரும்பினார். கட்சிக்காரர்களும் அதே போன்ற ஏழைகள். 1932இல் தூத்துக்குடிக்கு வந்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், கடன்கள் தீராத நிலையிலேயே அவர் வாழ்வு முடிந்தது.

நம் காலத்தில்

சிதம்பரனார் மறைந்து பதினொரு ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. ஏழையின் பிணை மட்டும் எளிதாகிவிடவில்லை. 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் ஒருவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். கொத்தனாரின் சகோதரர் முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைத் தவறென்று கண்டு, சொந்த உறுதிமொழியின் பேரிலும் ஒருவரை விடலாம் என்பதை நிலைநாட்டினார். அடுத்த ஆண்டு, பீகார்ச் சிறைகளில் விசாரணைக்காகவே பல்லாண்டுகள் கிடந்தவர்களைப் பற்றிய உசைனாரா காத்தூன் வழக்கு நாட்டையே உலுக்கியது.

2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்திலும், முந்திய சட்டத்தில் இருந்த ஒரு நல்ல விதி தொடர்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதான ஒருவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர இயலாவிட்டால், அவரை ஏழை என்று கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது 478ஆம் பிரிவு. ஏனைய வழக்குகளில், உத்தரவு கிடைத்து ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே ஆராயலாம் என்று 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது.

ஜாமீன்தாரரைப் பற்றி நம் கிராமங்களில் நிலவும் அச்சத்தையும் நீக்க வேண்டும். கையெழுத்திட்டவருக்குக் குற்றத்தில் பங்கு இல்லை. குற்றவாளிக்குரிய தண்டனை அவர் தலையில் விழாது. விசாரணைக்கு வராமல் அவர் ஓடிவிட்டால், பத்திரத்தில் கண்ட தொகையைக் கட்டும் பொறுப்பு வரும். காரணம் கேட்காமல் வசூலிக்க மாட்டார்கள். தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இனி இவருக்கு நான் பொறுப்பில்லை என்று மனு கொடுத்து விலகிக் கொள்ளவும் வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெரியாத பயத்தால் தெரிந்த மனிதரைக் கைவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டு வரி ரசீது

சிவாவுக்காகச் சிதம்பரனார் சிறையிலேயே தங்கிய பக்கத்தை நூலகத்தில் படித்த அன்று மாலை நான் ஊருக்குப் போனேன். அவர் நண்பருக்காகத் தம் விடுதலையையே விட்டுக்கொடுத்தார். நாங்களோ உடன்பிறந்தவருக்காக ஒரு கையெழுத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறோம். தந்தையாரிடம் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்று முன்பு சொன்னது தவறு என்பதையும், சட்டம் பற்றி நான் படித்ததையும் மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை வீட்டு வரி ரசீதையும் ஆதார் அட்டையையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு முதல் பேருந்தில் புறப்பட்டார்.

அன்று மாலை பெரியப்பா வெளியே வந்தார். ஏழு ஆண்டுகள் பேசாத இருவரும் அப்போதும் ஒன்றும் பேசவில்லை. தந்தையார் தம் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா முகத்தைத் துடைத்துக் கொண்டார். தேநீர்க் கடையில் உட்கார்ந்த பிறகுதான் பெரியப்பா வாய் திறந்தார். பேசியது தம்மைப் பற்றியன்று. தம்மோடு உள்ளே இருந்த வடநாட்டு இளைஞன் ஒருவனைப் பற்றி. செங்கல் சூளையில் வேலை செய்தவன். சிறு வழக்கு. ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் கையெழுத்திட அவனுக்கு யாரும் இல்லை.

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வழிகாட்ட, வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு அது. குழுவின் வழக்கறிஞர் கட்டணமின்றி முயற்சி எடுத்துக் கொண்டார். சில நாட்களில் அந்த இளைஞன் சொந்தப் பிணையில் வெளியே வந்தான். அவனை நான் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன?

பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. மேடையில் கப்பலைப் பற்றிப் பேச மறந்துவிட்டு, ஜாமீனைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. படித்து முடித்து ஊருக்குத் திரும்பும் நம் ஒவ்வொருவரையும் தேடி, கையில் ஒரு காகிதத்தோடு யாரேனும் ஒருவர் வந்து நிற்கப் போகிறார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லவாவது நமக்குப் பொறுமை வேண்டும். ஓட்டப்பிடாரத்தில் 1895ஆம் ஆண்டு ஓர் இளைஞர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.